செக்கிங்கார் பாஸ் செய்யாத ஹெட்போன்

வெண்ணந்தூரிலிருந்து சேலம் வரைக்கும் உள்ள அத்தனை கடைக்காரர்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு எதிரி உண்டென்றால், அது எங்கள் பக்கத்து வீட்டு செக்கிங்கார்தான். அவர் கடைப்படியில் கால் வைத்தால் போதும், கல்லாவில் இருக்கிற முதலாளி "சாப்ட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். காலை பத்து மணிக்கு என்ன சாப்பாடு என்று கேட்காதீர்கள். செக்கிங்கார் போகிற வரைக்கும் அந்தச் சாப்பாடு முடியாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. ஜவுளி குடோன் ஒன்றில் துணி செக்கிங் வேலை பார்த்தார், அதனால் செக்கிங்கார். தறியிலிருந்து வருகிற துணியைக் கண்ணாடி மேஜைமேல் விரித்து, அடியில் ட்யூப்லைட்டைப் போட்டு, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு தெரிகிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் 'பாஸ்'. இல்லாவிட்டால் 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கிவிட வேண்டும். பகல் முழுக்கத் துணியைச் சந்தேகப்பட்ட மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உலகத்தை நம்ப ஆரம்பித்துவிடுவாரா என்ன? பால், பேப்பர், பஸ் போர்டு, பஞ்சாங்கம், எல்லாவற்றையும் விரித்து வைத்துத்தான் பார்ப்பார். நாமக்கல் முட்டை ஒரு டஜன் வாங்கினால் ஒவ்வொன்றையும் டார்ச் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். எதைப் பார்க்கிறார் என்று முட்டைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு தடவை கெடா வெட்டுக்காக மேச்சேரி ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போனோம். நல்ல செம்மறி, தளதளவென்று சிவந்த நிறம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. செக்கிங்கார் மட்டும் தன் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஆட்டின் முதுகில் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். ஆட்டுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, குளிப்பாட்டறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சாயம் போகுதான்னு பாக்கறனுங்க."

ஆட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். ஆட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அந்த வருஷம் கெடா வெட்டு கோழி வெட்டாக முடிந்தது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஹெட்போன் வாங்கித் தருகிற பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் வாய்தான். எனக்கு அப்போது ராசிபுரத்தில் ஆபீஸ். பஸ்ஸில் போக வர பாட்டுக் கேட்கிற பைத்தியம் பிடித்து, ஹெட்போனில் நாலைந்து வகை, கூடவே குட்டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று என்று சேர்த்து வைத்திருந்தேன். அதனால் தெருவில் எனக்கு 'சவுண்டு தெரிஞ்சவன்' என்று ஒரு மரியாதை. செக்கிங்கார் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். வீட்டுக்காரரும் ஒருவரே.

செக்கிங்காரின் மனைவி சரசக்கா. கல்யாணமான நாளிலிருந்து சொந்தத் தறிப்பட்டறையில் விசைத்தறி ஓட்டியவர். முழங்கால் வலி வந்ததால் தறியை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கள் தெருவுக்குக் குடி வந்தார்கள். விசைத்தறிப் பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் பேசினால் பேசுகிறவர் காதுக்கே கேட்காது. அதனால் தறிக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, ஊரே அதிரக் கத்துவது. இன்னொன்று, சத்தமே போடாமல் உதட்டை மட்டும் அசைப்பது. எதிர்த் தறியில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுவார். மாமியார் பக்கத்திலேயே நிற்க, மாமியாரைப் பற்றியே முழுக் கதையும் பேசி முடித்துவிடலாம். இவர்கள் இருவரும் தெரு மாறிய பிறகும் பேச்சை மாற்றவில்லை. "காப்பி ஆறுதுங்க" என்று அக்கா சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் டம்ளரைத் தேடுவார்கள்.

அக்காவுக்குப் பாம்புக் காது என்று தெருவே பேசிக்கொண்டது. தெருக்கோடிக் குழாயடியில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுவதை இங்கே வாசலில் நின்றபடியே அப்படியே சொல்லிவிடுவார். அவர் வாசலில் நிற்கும்போது யாரும் யாரைப் பற்றியும் பேச மாட்டார்கள். செக்கிங்கார் தன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே பொருள் அந்தக் காதுதான். "எங்கூட்டு அம்மிணிக்கு ஊசி உளுந்தாலும் கேக்குமுங்க தம்பி," என்பார்.

பட்டறையில் தறிச் சத்தத்தையும் மீறிப் பாட்டுப் போட ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தார்கள். ராசிபுரத்தில் ஒருவர் பாகங்களைச் சேர்த்துக் கையால் பூட்டிக் கொடுத்தது. பெரிய டிரங்குப் பெட்டி அளவு. அதோடு என் ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். குடி வரும்போது இவையும் வந்துவிட்டன. தினமும் சாயங்காலம் அக்கா பழைய பாட்டுப் போடுவார். முதல் பாட்டில் என் அலமாரியில் இருக்கிற டம்ளரெல்லாம் மெதுவாக நகர ஆரம்பிக்கும். இரண்டாவது பாட்டில் விளிம்புக்கு வரும். மூன்றாவது பாட்டில் நான் ஓடிப்போய்ப் பிடிப்பேன். எனக்கு அது ஒரு தேகப்பயிற்சியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் வந்து சுவரில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தால் இருங்கள், இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறைத்தார்கள். அன்று சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நியாயமான சத்தத்தில். அக்கா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு, "பாடுதுங்களா, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு எழுந்து போய்த் தாமே அணைத்துவிட்டார். இத்தனை மெதுவாக வைத்தால் பாட்டு பாட்டாகவே வரவில்லை, அதற்குச் சும்மா இருந்துவிடலாம் என்றார். மறுநாள் போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

செக்கிங்கார் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வந்தால் என் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று நேராக உட்கார்ந்துவிட்டார். நிலைமை மோசம் என்று புரிந்தது.

"தறி ஓட்டுன காலம் பூரா எங்கிட்ட அவ ஒண்ணுமே கேட்டதில்லீங்க தம்பி. நகை கேக்கலை, சீலை கேக்கலை. இப்ப ஒரே ஒரு பாட்டு. அதுவும் இல்லாம பண்ணிட்டனுங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே சொன்னேன், ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள் மாமா, அக்கா காதுக்குள்ளேயே பாடும், சுவருக்குத் தெரியவே தெரியாது என்று. அவர் கண் சுருங்கியது. சந்தேகம் வந்துவிட்டது என்றால் ஆளுக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறு சேலம் போனோம். ஹெட்போன் எப்படிப் பார்த்து வாங்குவது என்று பஸ்ஸிலேயே பாடம் எடுத்தேன். தலைக்கும் காதுக்கும் இறுக்காமல் பொருந்த வேண்டும், ரொம்ப நேரம் போட்டால் வேர்க்கக் கூடாது, பேஸ் அதிகமானால் பாடுகிறவர் குரல் அமுங்கிவிடும், நமக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதெல்லாம் உங்களுக்கு ஆரு சொன்னாங்க?" என்பதுதான்.

கடைக்காரர் நல்ல பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். செக்கிங்கார் சட்டைப் பையிலிருந்து துணியில் இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியை எடுத்துக் காதுமெத்தையின் தையலை ஆராய்ந்தார். ஒயரை நகத்தால் கீறினார். வாரண்டி ஒரு வருஷம் என்று கடைக்காரர் சொன்னதும், "அப்ப கெட்டுப் போகும்னு உங்களுக்கே தெரியுது," என்றார். பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதன் அட்டையில் ஐயாயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தது. தன் தம்பி தோட்டத்தில் அஞ்சு எச்பி மோட்டார் நாலாயிரம் வாட்ஸ்கூட எடுக்காது, அதுவே கிணற்றுத் தண்ணீரை மேட்டுக்காட்டுக்கு ஏற்றுகிறது என்றார் செக்கிங்கார். இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கிணற்றில் மாட்டினால் மலைக்கே தண்ணீர் ஏற்றலாமே, ஏன் யாரும் மாட்டவில்லை என்று கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த அட்டைக்கணக்கை நானும் அதற்குப் பிறகு நம்புவதில்லை.

கடைசியில் நானே தேர்ந்தெடுத்த அருமையான ஹெட்போன் ஒன்றை அவர் தலையில் மாட்டிப் பாட்டுப் போட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். திடீரென்று ஒரு விரலைத் தூக்கினார்.

"இந்த எடத்துல இழை வுட்டுருக்குது."

கடைக்காரர் வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு, "அது பாடறவங்க மூச்சு எடுக்கறதுங்க," என்றார்.

"மூச்சு வெளிய தெரியலாமுங்களா? நல்ல துணின்னா முடிச்சு தெரியக் கூடாது."

பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிற ஹெட்போனைத் தேடித்தான் என்னைப் போன்ற பைத்தியங்கள் சம்பளத்தை அழிக்கிறோம். அந்தக் காரணத்துக்காகவே அதை அவர் செகண்ட்ஸ் என்று ஒதுக்கிவிட்டார். அரை மணி நேரம் மன்றாடி, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சின் பேரில், வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

அக்கா தலையில் மாட்டினோம். பாட்டு ஓடியது. செக்கிங்கார் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அக்கா முகத்தையே பார்த்தார், குடோனில் விளக்குக்கு மேல் ஓடுகிற துணியைப் பார்க்கிற மாதிரி. அக்கா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எங்கியோ கெணத்துக்குள்ள பாடறாங்க. பாட்டா வரலீங்க."

"நான் சொல்லலை?" என்றார் செக்கிங்கார் என்னைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தோம். அதுவும் கிணறு. அடுத்தது காதுக்குள்ளே செருகுகிற வகை, அதில் பாட்டு கிணற்றுக்குள் இல்லை, அடுத்த ஊரில் இருந்தது. பிறகு ஆன்லைனில் வரவழைத்தோம். பார்சல் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிற்க வைத்து, தெருவில் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே செக்கிங்கார் பிரித்தார். அதற்குள் பார்சல்காரருக்கு அக்கா காப்பி கொடுத்து, அவர் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டார். அந்த ஹெட்போனுக்கு ஏகப்பட்ட பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டினேன். அஞ்சு குடுத்தவனெல்லாம் கம்பெனிக்காரனுக்குச் சொந்தக்காரன், ஒறம்பரை; ஒண்ணு குடுத்தவனெல்லாம் எதிர்க் கம்பெனிக்காரனுக்கு ஒறம்பரை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, செல்போனிலிருந்து வருகிற சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று என்னுடைய குட்டி ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுபோனேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். எங்கள் ஆம்ப்ளிஃபையரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், இது சட்டைப் பையில் போகிறது, இதையும் ஆம்ப்ளிஃபையர் என்றால் எப்படி நம்புவது என்றார். மாட்டிப் பார்த்தோம். அக்கா முகம் கொஞ்சம் மலர்ந்தது. சத்தம் வருகிறது, ஆனால் வார்த்தை வரவில்லை என்றார்.

இதற்குள் சந்தேகம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. செக்கிங்கார் என்னைச் சந்தேகப்பட்டார், கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறேன் என்று. "சேலத்துக் கடையில எனக்குத் தண்ணி குடுத்தாங்க. உங்களுக்கு மட்டும் டீ. ஏனுங்க தம்பி?" என்று பஸ்ஸில் மெதுவாக, அதாவது பஸ் முழுக்கக் கேட்கும்படி, விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவுக்காகத்தான் அவர் இப்படி ஒவ்வொன்றாக ஒதுக்குகிறாரோ என்று நான் அவரைச் சந்தேகப்பட்டேன். சேலத்துக் கடைக்காரர் எங்கள் இருவரையும் சந்தேகப்பட்டார், நாங்கள் போட்டிக் கடை ஆட்கள் என்று. சரசக்கா மட்டும் யாரையும் சந்தேகப்படவில்லை. எனக்குத்தான் குடுத்து வைக்கலை, விடுங்க தம்பி, நீங்க எதுக்கு அலையறீங்க என்பார்.

அப்படி ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதை நாங்கள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தோம். "கொரோனா வந்தப்ப பட்டறைத் தெருவுல ஒருத்தருமே எங்கிட்டப் பேசலீங்க. மாஸ்க்கைப் போட்டாங்களோ இல்லியோ, ஊரே ஊமையாப் போயிருச்சு." செக்கிங்கார் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க வைக்கிற ஹெட்போன். கடையிலேயே விலை உயர்ந்தது அதுதான். இதுவும் இல்லையென்றால் இனி என்னைக் கூப்பிடாதீர்கள் மாமா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாங்கி வந்தேன். 'வெளிச்சத்தம் கேட்காது' என்ற சங்கதி செக்கிங்காருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லப்பட்ட ஒரு பொய்யை அவர் அதுவரை பிடித்ததில்லை.

ஞாயிறு மத்தியானம். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஹெட்போனை மாட்டி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். செக்கிங்கார் எதிரே வந்து நின்றார்.

"அம்மிணி, காப்பி வெய்யி." இது தறிக் குரல்.

"பால் இல்லீங்க," என்றார் அக்கா.

செக்கிங்கார் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். குரலைப் பாதியாகக் குறைத்துக் கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டார். நேத்தே கட்டியாச்சு என்று பதில் வந்தது. பிறகு மூச்சுக் காற்றிலேயே, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்கிற மாதிரி, சொன்னார்.

"உங்கண்ணனாட்டம் ஒரு கருமியை நான் பாத்ததே இல்லை."

"எங்கண்ணனை எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று ஒரு கடலைத் தோலை வீசினார் அக்கா.

செக்கிங்கார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வெற்றி அது. "பாத்தீங்களா தம்பி. வெளிச்சத்தம் கேக்காதுன்னு அட்டையில போட்டிருக்கறான். நான் குசுகுசுன்னு சொன்னது சுத்தமாக் கேக்குது. உள்ளாற பாடற பாட்டு மட்டும் கேக்கலை. தலைகீழாப் பூட்டி வித்துருக்கறானுங்க."

எனக்கும் ரத்தம் கொதித்தது. இத்தனை விலை வாங்கிக்கொண்டு இப்படியா ஏமாற்றுவது என்று ஹெட்போனைப் பிடுங்கி என் தலையில் மாட்டினேன். மாட்டிய நொடியில் உலகம் காணாமல் போயிற்று. ஃபேன் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை. பாட்டு மட்டும் தண்ணீர் மாதிரி தெளிவாக ஓடியது. எதிரே செக்கிங்கார் வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் கத்துகிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. எனக்கு ஒரு சொல்கூட விழவில்லை.

அப்படியானால் அக்காவுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

திரும்பி அக்காவைப் பார்த்தேன். கை கடலையை உரித்துக்கொண்டிருந்தது. கண் செக்கிங்காரின் வாயிலேயே இருந்தது. குழாயடிப் பேச்சு, ஊமையாய்ப் போன ஊர், கிணற்றுக்குள் பாட்டு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன. ஹெட்போனை மெதுவாகக் கழற்றினேன்.

"மாமா, துண்டால வாயை மூடிக்கிட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

"எதுக்குங்க?"

"ஒரு செக்கிங், மாமா."

அந்தச் சொல்லைக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. தோள் துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டார். அக்கா தலையில் இப்போது ஹெட்போனும் இல்லை, பாட்டும் இல்லை. வெறும் காது.

"அம்மிணி, உங்கண்ணன் ஒரு கருமி."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கடலைத் தோல் பறக்கவில்லை. செக்கிங்கார் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அக்கா கடலையைக் கீழே வைத்துவிட்டுக் கவலையோடு எழுந்தார்.

"ஏனுங்க, பல்லு வலிக்குதுங்களா?"

செக்கிங்கார் துண்டை இறக்கவே இல்லை. அதற்குமேலே தெரிந்த கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினார். "தம்பி, காது டாக்டர்கிட்டயும் கமிஷன் பேசிட்டீங்களா?" என்றார். கேள்வி பழைய கேள்விதான். குரலில் தெம்பு இல்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய் வாசற்படியில் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"மைல் நீளத்துக்குத் துணி ஓடுமுங்க. அதுல ஒரே ஒரு இழை வுட்டாலும் எங் கண்ணுல படாமப் போகாது. எங்கூட்டுக்குள்ள அறுந்ததை நான் பாக்கலியே சாமி."

அவர் பார்த்திருக்க வழியில்லை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். அவர் பேசுவது எப்போதும் எதிரே நின்று, உதடு தெரிய, ஊருக்கே கேட்கும்படி. அக்காவும் தவறாமல் பதில் சொன்னார். தறிச் சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, அந்த இடத்தில் கண் வந்து உட்கார்ந்துவிட்டது. ஹெட்போன் ஒன்றுக்குத்தான் பாவம், உதடு இல்லை. உலகத்தில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர், அந்த ஒரு காதை மட்டும் சந்தேகப்படவில்லை.

உள்ளே போய் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். தறிப் பேச்சில், சத்தமே இல்லாமல், உதட்டால் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பார். அக்கா கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு ஒரு கையால் காதைத் தொட்டுக்கொண்டு, யாரையோ விசாரிக்கிற மாதிரிச் சொன்னார்.

"தறி நின்னதும் ஊரே அமைதியாப் போச்சுன்னுல்லீங்க நெனச்சேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட்போனை அட்டைப் பெட்டியில் போடுகிற சாக்கில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த தடவை சேலம் போனது காதுக் கருவிக்காக. காதைச் சோதித்த அம்மா ஒருவர், இடது காதில் இவ்வளவு, வலது காதில் இவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினார். கருவி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பீக்கர், மூன்றும் ஒரு கடலைப் பருப்பு அளவுக்குள் என்று நான் விளக்கினேன். செக்கிங்கார் இழை எண்ணுகிற கண்ணாடியை எடுத்தார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதி. "எத்தனை வாட்ஸுங்க?" என்று கேட்டார். அந்த அம்மா அப்படி ஒரு கேள்வியை அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கருவியை மாட்டி முடுக்கியதும் செக்கிங்கார் எதிரே வந்து நின்று, "அம்மிணி, கேக்குதா?" என்றார், வழக்கமான தறிக் குரலில்.

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு அந்த அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார். "இது செகண்ட்ஸுங்களா? எங்கூட்டுக்காரர் குரல் இத்தனை கர்ணகடூரமா வருதே."

கருவியில் பழுதில்லை என்று நானும் அந்த அம்மாவும் சேர்ந்து எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் என் செல்போனில் ஒரு பழைய பாட்டைச் சன்னமாகப் போட்டேன். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். பாட்டின் நடுவே ஒரு விரலைத் தூக்கினார்.

"மூச்சு எடுக்கறாங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாஸுங்க," என்றார். செக்கிங்கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க அங்கே ஒரு வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

இப்போது நான் அந்தத் தெருவில் இல்லை. மாற்றலாகி ஆத்தூர் வந்துவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வெண்ணந்தூர் போனவன் எட்டிப் பார்த்தேன். பழைய டிரங்குப் பெட்டி ஆம்ப்ளிஃபையரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த வீட்டுக்குக் கேட்காத சத்தத்தில். நான் இருந்த வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவரின் டம்ளரெல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அக்கா அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டே கூடப் பாடினார். செக்கிங்கார் வாசலில் எனக்கு வரவேற்பாக என் பைக்கின் சங்கிலியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காப்பி வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. வாசலிலிருந்து சாதாரணமாகச் சொன்னாலே போதும், அக்காவுக்கு இப்போது கேட்கும். அவர் எழுந்தார், கை கழுவினார், வீட்டைக் கடந்து அடுப்படிக்குப் போனார், அக்காவுக்கு நேரெதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, "தம்பி வந்துருக்குது, ஒரு காப்பி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சர்க்கரை கம்மியாக என்று சொல்ல மறுபடி எழுந்து போனார்.

"இங்கிருந்தே சொல்லலாமே மாமா, அதான் கருவி இருக்கே," என்றேன்.

"பேட்டரி போட்ட சாமானை எப்புடிங்க தம்பி நம்பறது?" என்றார்.

மற்றச் சந்தேகமெல்லாம் எப்படியோ போகட்டும். இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தீராமலே இருக்க வேண்டும்.